தொரப்பள்ளியில் பிறந்த முதன்மந்திரி

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு சிறிய கிராமம் இருக்கிறது. ராகி விளையும் மேட்டுப் பூமி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் எல்லை ஊர்.

அந்தக் கிராமத்தின் முன்சீப் சக்கரவர்த்தி ஐயங்கார். அவர் மனைவி சிங்காரம்மாள். இவர்களுக்கு 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி மூன்றாவது மகன் பிறந்தான். ராஜகோபாலன் என்று பெயர் வைத்தார்கள்.

குழந்தை நோஞ்சான். அடிக்கடி காய்ச்சலில் படுத்துக்கொள்ளும். பிழைக்குமா என்று பெற்றோர் கவலைப்பட்ட நாட்கள் உண்டு. அந்தக் குழந்தைதான் 94 வயது வரை வாழ்ந்தது. சென்னைச் சட்டசபையை இரண்டு தடவை முதன்மந்திரியாக இருந்து நடத்தியது. ராஜாஜி என்று நாடெங்கும் பெயர் வாங்கியது.

அப்போது தொரப்பள்ளி சேலம் ஜில்லாவில் இருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், ஊத்தங்கரை எல்லாம் அந்த ஜில்லாவின் தாலுகாக்கள். 1965-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது தொரப்பள்ளியும் அதில் சேர்ந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும் ஊர் அந்தப் பக்கம் போயிற்று.

வக்கீல் வேலையும் முனிசிபாலிட்டியும்

ராஜகோபாலன் ஓசூரில் பள்ளிக்கூடம் படித்தார். பிறகு பெங்களூர் சென்ட்ரல் காலேஜ். அதன்பின் சென்னையில் சட்டப் படிப்பு. 1900-ல் சேலத்துக்கு வந்து வக்கீல் தொழில் தொடங்கினார்.

கிரிமினல் வழக்குகளில் அவருக்கு நல்ல பெயர். குறுக்கு விசாரணையில் சாட்சியை மடக்கிவிடுவார். பணம் நிறைய வந்தது. ஆனால் வீட்டில் துயரம் புகுந்தது. நாற்பது வயது ஆவதற்குள் மனைவி அலமேலு மங்கம்மாளை இழந்தார். ஐந்து குழந்தைகள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1917-ல் சேலம் முனிசிபாலிட்டிக்குச் சேர்மன் ஆனார். இரண்டு வருஷம் அந்தப் பதவியில் இருந்தார். பொது வாழ்வில் அவருக்குக் கிடைத்த முதல் நாற்காலி அதுதான்.

அந்தக் காலத்தில் அக்கிரகாரத் தெருவில் ஆதிதிராவிடர் நடமாடுவதையே பாவம் என்று நினைத்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட தெருவின் குடிநீர்க் குழாய் வேலைக்கு ராஜாஜி ஆதிதிராவிடர் ஒருவரை அமர்த்தினார். அவருடைய சாதிக்காரர்களே கொதித்தார்கள். அவரை ஒதுக்கி வைக்கவும் செய்தார்கள். அவர் அசையவில்லை.

அதே காலத்தில் ஈரோட்டில் முனிசிபல் சேர்மனாக இருந்தவர் ஈ. வெ. ராமசாமி. பெரியார் என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்டவர். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். பின்னால் இருவரும் அரசியலில் எலியும் பூனையுமாக நின்றார்கள். ஆனாலும் அந்த நட்பு அறுந்து போகவில்லை.

சட்டசபையே வேண்டாம் என்றவர்

1919-ல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது ராஜாஜியின் வீட்டில்தான் தங்கினார். ராஜாஜி வக்கீல் தொழிலைத் தூக்கி எறிந்தார். ஒத்துழையாமை இயக்கத்தில் குதித்தார்.

வெள்ளைக்காரன் நடத்தும் கோர்ட்டு வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம், சட்டசபையும் வேண்டாம் என்பது இயக்கத்தின் கொள்கை. 1922-ல் காந்தியடிகள் சிறையில் இருந்தபோது மோதிலால் நேருவும் சித்தரஞ்சன் தாசும் சட்டசபைக்குள் போய்ப் போராடலாம் என்றார்கள். கூடாது என்று சொன்னவர்களுக்குத் தலைவராக நின்றவர் ராஜாஜி. அந்த வருஷம் கயா காங்கிரஸில் அவர் கட்சியே ஜெயித்தது.

சட்டசபையின் படி ஏறக் கூடாது என்று வாதாடி வென்ற இதே மனிதர், பதினைந்து வருஷம் கழித்து அதே சட்டசபைக்குத் தலைமை தாங்கப் போனார்! காலம் மாறியது. அவரும் மாறினார்.

இடையில் ஒரு முக்கியமான காரியம் நடந்தது. 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஒன்றைத் தொடங்கினார். குடிசை போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு அங்கேயே குடியிருந்தார். சுற்றுப்புறம் வறண்ட பூமி. மழை பொய்த்தால் சோற்றுக்கு வழியில்லை. ஆசிரமத்தில் பஞ்சு கொடுத்தார்கள். நூல் வாங்கிக்கொண்டு கூலி தந்தார்கள். அந்தச் சில அணாக்கள் பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்தன.

அந்தக் கிராமங்களில்தான் ராஜாஜி கள்ளின் கொடுமையைக் கண்ணால் பார்த்தார். பகலெல்லாம் உழைத்த கூலி, பொழுது சாய்ந்ததும் கள்ளுக்கடைக்குப் போனது. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் வெறும் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 1929-ல் மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் விமோசனம். ஆசிரமத்தில் அவருக்கு உதவியாக இருந்து அந்தப் பத்திரிகைக்கு எழுதியவர் கல்கி.

1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு கால்நடையாகப் புறப்பட்டார். அந்த மாதம் 30-ந் தேதி உப்பு அள்ளினார். சிறைக்குப் போனார்.

500 ரூபாய் சம்பளம்

1937-ல் தேர்தல் நடந்தது. எல்லாருக்கும் அன்று வோட்டு கிடையாது. சொத்து உள்ளவர்களும் படித்தவர்களும்தான் வோட்டுப் போடலாம். அப்படியும் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸ் 159 இடங்களைப் பிடித்தது. பதினேழு வருஷத்தில் பெரும்பகுதி ஆட்சியில் இருந்த ஜஸ்டிஸ் கட்சி சுருண்டு விழுந்தது.

ராஜாஜி சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து சட்டசபைக்கு வந்தார். ஜூலை 14-ந் தேதி முதன்மந்திரியாகப் பதவி ஏற்றார். சென்னை மாகாணம் அப்போது மிகப் பெரியது. இன்றைய ஆந்திரத்தின் பெரும்பகுதியும் மலபாரும் தென் கன்னடமும் அதில் இருந்தன.

மந்திரிகள் மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கக் கூடாது என்று காங்கிரஸ் முடிவு செய்திருந்தது. முன்னால் இருந்த மந்திரிகள் வாங்கியது இதைப்போலப் பல மடங்கு. ஆதிதிராவிடர் குலத்தில் பிறந்த வி. ஐ. முனுசாமிப் பிள்ளை மந்திரியானார். அந்த மாகாணத்தில் அதற்கு முன் ஆதிதிராவிடர் யாரும் மந்திரியாக இருந்ததில்லை. சேலம் ஜில்லா குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் கல்வி மந்திரி.

கள்ளுக்கடை மூடிய நாள்

ராஜாஜி முதலில் கை வைத்தது கள்ளுக்கடையில்தான். மதுவிலக்குச் சட்டத்தைச் சட்டசபையில் கொண்டுவந்தார். எந்த ஜில்லாவில் ஆரம்பிப்பது? தம்முடைய சொந்த ஜில்லாவையே எடுத்துக்கொண்டார்.

1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லா முழுவதும் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடின. ஓசூர் முதல் நாமக்கல் வரை, தர்மபுரிச் சந்தையிலும் கிருஷ்ணகிரிச் சாலையிலும் கதவு திறக்கவில்லை. ஒரு ஜில்லா முழுவதும் சட்டம் போட்டுக் குடியை நிறுத்தியது இந்தியாவில் அதுவே முதல் தடவை.

காரியம் லேசானது அல்ல. ஜில்லாக் கலெக்டர் டிக்சன் என்ற ஆங்கிலேயர். மது அருந்துவது தவறில்லை என்று கருதும் நாட்டில் பிறந்தவர். ஆனாலும் சட்டத்தை முழு மனத்தோடு நிறைவேற்றிக் காட்டினார். ராஜாஜிக்கு அவர்மேல் தனி மதிப்பு.

பெண்கள் மகிழ்ந்தார்கள். அதில் சந்தேகமே இல்லை. கூலிப் பணம் வீட்டுக்கு வந்தது. கடைத்தெருவில் அரிசியும் துணியும் கூடுதலாக விற்றன. மாலையில் கூடி உட்காரக் கள்ளுக்கடைக்குப் பதிலாக வேறு இடம் வேண்டுமே என்று பஜனையும் விளையாட்டும் ஏற்பாடு செய்தார்கள்.

ஆனால் மரம் ஏறுகிறவர்கள் என்ன ஆவார்கள்? தலைமுறை தலைமுறையாகப் பனையையும் தென்னையையும் நம்பிப் பிழைத்தவர்கள் அவர்கள். பதநீர் இறக்கலாம், வெல்லம் காய்ச்சலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். சிலர் பிழைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் அது ஈடாகவில்லை. மலையோரத்தில் திருட்டுச் சாராயமும் காய்ந்தது. நல்ல சட்டத்திலும் அடிபடுகிறவன் ஒருவன் இருந்தான்.

இன்னொரு சிக்கல் கஜானாவில். சர்க்கார் வருமானத்தில் பெரும் பங்கு மதுவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அது குறைந்தால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் ஏது? ராஜாஜி விடை கண்டுபிடித்தார். 1939-ல் விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். பொதுவாக எல்லாச் சரக்கு விற்பனைக்கும் வரி போட்டது இந்தியாவில் சென்னை மாகாணந்தான் முதலில். வியாபாரிகள் கூக்குரல் போட்டார்கள். இரண்டு வருஷத்தில் கடையோடு கடையாக வரியும் நாட்டில் ஓடிவிடும் என்று கேலி பேசியவர்கள் உண்டு. பின்னாளில் எல்லா மாகாணமும் அதே வரியைப் போட்டுக்கொண்டது. இன்று கடையில் ஒரு சோப்பு வாங்கினாலும் சீட்டில் வரி என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த வழக்கத்தின் ஆரம்பம் அங்கே இருக்கிறது.

சித்தூருக்கும் கடப்பைக்கும் அடுத்த வருஷம் மதுவிலக்கு போயிற்று. பிறகு வடஆற்காடு.

கடன்காரன் வாசலில்

மதுவிலக்கைவிட விவசாயிக்கு நேரடியாக உதவியது வேறொரு சட்டம். அதைப் பற்றி இப்போது அதிகம் பேசுவார் இல்லை. 1938-ல் நிறைவேறிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம்.

அந்தக் காலக் குடியானவனின் நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1930-க்குப் பிறகு உலகம் முழுவதும் பொருளாதார மந்தம். நெல்லுக்கும் கடலைக்கும் விலை பாதாளத்துக்குப் போயிற்று. ஆனால் வாங்கின கடன் குறையவில்லை. நூறு ரூபாய் கடன் வாங்கினவன், வட்டியாகவே நூறுக்கு மேல் கட்டியும், புரோநோட்டில் இன்னும் நூறு நின்றது. பிறகு நிலம் ஏலத்துக்குப் போயிற்று.

சட்டம் சொன்னது எளிமையானது. 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முன் விவசாயி வாங்கிய கடனா? 1937 அக்டோபர் 1-ந் தேதி வரையில் நிலுவை நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலை மட்டும் கொடுத்தால் போதும். இதற்குள் அசலைப்போல இரண்டு பங்கு கொடுத்திருக்கிறானா? அப்படியானால் கடனே தீர்ந்துவிட்டது. ஒரு காசு கொடுக்க வேண்டாம்.

லேவாதேவிக்காரர்கள் கொதித்தார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். சட்டசபையில் ராஜாஜி ஒவ்வொரு பிரிவாக எடுத்து விளக்கினார். இருபது வருஷ வக்கீல் அனுபவம் அவருக்கு அங்கே கை கொடுத்தது.

1939-ல் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஹரிஜனங்களை அழைத்துச் சென்றார். வழக்குப் போட்டு அவர்களைத் தண்டிக்கச் சிலர் முனைந்தார்கள். அதற்கு இடம் கொடுக்காமல் ராஜாஜி சட்டப் பாதுகாப்புத் தந்தார். அதன்பின் தஞ்சாவூர், பழனி என்று கோயில் கதவுகள் திறந்தன.

ஹிந்தியால் வந்த வினை

இத்தனை செய்தவர் ஒரு காரியத்தில் சறுக்கினார். பள்ளிக்கூடங்களில் ஹிந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். 1938-ல் 125 பள்ளிக்கூடங்களில் அது நடைமுறைக்கு வந்தது.

தமிழ்நாடு பொங்கி எழுந்தது. ஊர்வலம், மறியல், கறுப்புக் கொடி. பழைய நண்பர் பெரியார் எதிரே நின்றார். அவரைச் சிறையில் போட்டது ராஜாஜியின் சர்க்கார். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறை சென்றார்கள். கைக்குழந்தையோடு போன தாய்மார்களும் உண்டு. 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் சிறைத் தண்டனை அனுபவிக்கும்போது உயிர் இழந்தார்கள். இருவரும் ஏழை வீட்டு இளைஞர்கள்.

சட்டசபையில் பெரும்பான்மை இருந்தது. ஆகவே கட்டளை நின்றது. ஆனால் தெருவில் இருந்த ஜனங்களின் மனத்தை அவர் கணக்கிடவில்லை. 1940 பிப்ரவரியில் கவர்னர் அந்தக் கட்டளையை ரத்து செய்தார். அதற்குள் ராஜாஜி பதவியில் இல்லை. உலக யுத்தத்தில் இந்தியாவைக் கேட்காமல் இழுத்துவிட்டதைக் கண்டித்து, 1939 அக்டோபர், நவம்பரில் எல்லா மாகாணங்களிலும் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்துவிட்டன.

அதே ராஜாஜி வயதான பின் ஹிந்தி மட்டுமே ஆட்சிமொழியாக இருக்கக் கூடாது என்று ஓயாமல் எழுதினார், பேசினார். அந்த மாற்றத்தைப் பாராட்டியவர்களும் உண்டு. 1938-ல் சிறை சென்றவர்கள் கசப்போடு சிரித்ததும் உண்டு.

1942-ல் அவர் காங்கிரஸோடு முரண்பட்டார். முஸ்லிம் லீகோடு சமரசம் பேச வேண்டும் என்றார். கட்சி கேட்கவில்லை. கட்சியை விட்டு விலகியதோடு, சட்டசபை இடத்தையும் விட்டுக் கொடுத்தார். கட்சியின் பேரில் கிடைத்த இடம், கட்சியை விட்டால் வைத்துக்கொள்ளலாகாது என்பது அவர் எண்ணம். பின்னாளில் எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள் என்பது வேறு விஷயம்.

பிறகு வந்தவை எல்லாருக்கும் தெரிந்த பதவிகள். வங்காளக் கவர்னர். 1948-லிருந்து 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல்; அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே இந்தியர் அவர்தான். அப்புறம் டெல்லியில் உள்நாட்டு மந்திரி. 1951 முடிவில் போதும் என்று சென்னைக்குத் திரும்பினார்.

தேர்தலில் நிற்காத முதன்மந்திரி

1952-ல் வயது வந்த எல்லாருக்கும் வோட்டு வந்தது. முதல் பொதுத் தேர்தல். சென்னைச் சட்டசபைக்கு 375 இடங்கள். காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. பாதி கூட இல்லை. கம்யூனிஸ்டுகளும் மற்றக் கட்சிகளும் பிரகாசம் தலைமையில் ஒன்று சேர்ந்து, எங்களுக்கு 166 பேர் இருக்கிறார்கள் என்று உரிமை கேட்டார்கள்.

காங்கிரஸ்காரர்கள் ராஜாஜியின் வீட்டுக்கு ஓடினார்கள். அப்போது அவருக்கு 73 வயது. தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமன அங்கத்தினராகப் போட்டார். ஏப்ரல் 10-ந் தேதி அவர் முதன்மந்திரியானார்.

அன்று இருந்த மேல்சபை கீழ்ச்சபையைப் போல ஜனங்கள் நேரே வோட்டுப் போட்டு அமைத்தது அல்ல. இலக்கியம், கலை முதலிய துறைகளில் சிறந்தவர்கள் சிலரை அதற்குக் கவர்னர் நியமிக்க முடிந்தது. அந்த வழியாக ஒருவர் முதன்மந்திரி ஆவது முறையா? கம்யூனிஸ்டுத் தலைவர் பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார். வழக்குத் தள்ளுபடியாயிற்று. சட்டப்படி சரி. ஆனாலும் ஜனங்களிடம் வோட்டுக் கேட்காமல் வந்தவர் என்ற சொல் கடைசி வரையில் அவரைத் தொடர்ந்தது.

சட்டசபையில் பலத்தை நிரூபிக்க வேண்டுமே! வன்னியர் கட்சிகள் இரண்டு இருந்தன. காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். ராமசாமிப் படையாட்சியின் உழைப்பாளர் கட்சி வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது. ஜூலையில் நம்பிக்கை வோட்டு நடந்தபோது ராஜாஜிக்கு 200 பேர். எதிராக 151 பேர்.

யுத்த காலத்திலிருந்தே அரிசிக்கு ரேஷன் இருந்தது. ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு ஒரு மூட்டை நெல் கொண்டுபோக முடியாது. செக் போஸ்டில் பெண்களின் கூடையைக் கூடக் கிளறிப் பார்த்தார்கள். 1952 ஜூனில் ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை ஒரே அடியாக எடுத்தார். விலை ஏறிப் பஞ்சம் வரும் என்று அதிகாரிகளே பயந்தார்கள். பஞ்சம் வரவில்லை. பதுக்கின நெல் வெளியே வந்தது. அந்தச் சில மாதங்களில் ராஜாஜியைப் போல ஜனங்கள் விரும்பிய முதன்மந்திரி இல்லை.

தஞ்சாவூர்ப் பண்ணையாட்களைத் திடீரென்று வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டார். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே விடப்பட வேண்டும், மில்கள் நெய்யக் கூடாது என்று டெல்லியோடு மல்லுக் கட்டினார். ஆந்திரர்கள் தனி மாகாணம் கேட்டபோது சென்னைப் பட்டினத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார். 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திரம் பிரிந்தது. சென்னை தமிழ்நாட்டில் நின்றது.

அரை நாள் பள்ளிக்கூடம்

1953-ல் அவர் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றை வெளியிட்டார். அவருடைய வாழ்க்கையில் எல்லாவற்றையும்விடப் பெரிய புயல் அதிலிருந்துதான் கிளம்பியது.

கிராமப் பள்ளிக்கூடங்களில் இடம் போதவில்லை. வாத்தியாரும் போதவில்லை. கட்டடம் கட்டப் பணம் இல்லை. பாதிக் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. ராஜாஜி கண்ட வழி இது: பள்ளிக்கூடத்தை இரண்டு முறையாகப் பிரிப்பது. ஒரு கூட்டம் காலையில் மூன்று மணி நேரம் படிக்கும். இன்னொரு கூட்டம் பிற்பகலில் மூன்று மணி நேரம். மீதிப் பொழுதில் பிள்ளைகள் வீட்டில் இருந்து தகப்பனார் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கடைசி வாக்கியந்தான் வினையாயிற்று.

தகப்பன் தொழிலை மகன் கற்பதென்றால் என்ன அர்த்தம்? சலவைத் தொழிலாளியின் பிள்ளை துணி வெளுக்க வேண்டும். செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத் தைக்க வேண்டும். படித்து மேலே வர நினைத்த குடும்பங்களுக்கு வயிற்றில் அடித்தது போல இருந்தது. அப்போதுதான் முதல் தலைமுறையாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தொடங்கியவர்கள் அவர்கள். பெரியாரும் தி. மு. கழகமும் இதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அரசாங்கம் வைத்த பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

சாதியை நிலைநிறுத்த வேண்டும் என்பது தமது நோக்கம் அல்ல என்று ராஜாஜி விளக்கம் சொன்னார். குழாய் வேலைக்கு ஆதிதிராவிடரை அமர்த்திய மனிதரிடம் அந்த நோக்கம் இருந்திருக்குமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் திட்டத்தைக் கட்சியில் யாரையும் கலந்து பேசாமல் வெளியிட்டார். காமராஜருக்கே பிடிக்கவில்லை. தெரிந்தவன் சொன்னால் மற்றவன் கேட்கவேண்டியதுதானே என்ற எண்ணம் ராஜாஜியிடம் எப்போதும் கொஞ்சம் இருந்தது. 1938-ல் ஹிந்தியில் செய்த அதே தவறு.

ஜூலை மாதம் சட்டசபையில் விவாதம். திட்டத்தைக் கைவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம். வோட்டு எண்ணினார்கள். ஆதரவு 138. எதிர்ப்பு 138. சரிக்குச் சரி! சமமாகப் போனதால் தீர்மானம் நிறைவேறவில்லை; மயிரிழையில் திட்டம் தப்பியது. ஆனால் உடனே இன்னொரு தீர்மானம் வந்தது. திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர்களைக் கொண்டு ஆராய வேண்டும் என்பது அது. அது இரண்டே வோட்டு வித்தியாசத்தில் நிறைவேறிவிட்டது. காங்கிரஸ்காரர்களிலேயே பலர் மனம் மாறியிருந்தார்கள்.

நிபுணர் கமிட்டி திட்டம் நல்லது என்றே சொல்லியது. அதனால் என்ன? வெளியே எதிர்ப்பு நெருப்பாக எரிந்தது. 1954-ல் உடல்நலம் சரியில்லை என்று சொல்லி ராஜாஜி ராஜினாமா செய்தார். காங்கிரஸ் கட்சித் தலைவர் தேர்தலில் அவர் விரும்பிய சி. சுப்பிரமணியத்துக்கு 41 வோட்டு, காமராஜருக்கு 93. ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் முதன்மந்திரியானார். தோற்ற சி. சுப்பிரமணியத்தையே கல்வி மந்திரியாக வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் அதே சுப்பிரமணியம் எழுந்து, திட்டம் கைவிடப்பட்டது என்று அறிவித்தார்.

அந்த வருஷந்தான் ராஜாஜிக்குப் பாரத ரத்தினப் பட்டம் கிடைத்தது.

மழையில் போன கிழவர்

ராஜாஜி ஓய்ந்து உட்காரவில்லை. ராமாயணமும் மகாபாரதமும் எழுதினார். 1959-ல், எண்பது வயதைத் தாண்டியபின், சுதந்திராக் கட்சி என்று புதுக் கட்சி தொடங்கினார்! 1967 தேர்தலில் அண்ணாவோடு கூட்டுச் சேர்ந்தார். முப்பது வருஷத்துக்கு முன் தாமே ஆட்சிக்குக் கொண்டுவந்த காங்கிரஸைத் தமிழ்நாட்டில் கவிழ்ப்பதில் அவருக்கும் பங்கு இருந்தது.

இடையில் மதுவிலக்கு பல கோலம் கண்டது. யுத்த காலத்தில் கவர்னர் ஆட்சி அதை நிறுத்தி வைத்தது. சுதந்திரம் வந்தபின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன்மந்திரியாக இருந்தபோது, 1948 அக்டோபர் 2-ந் தேதி முதல் மாகாணம் முழுவதும் அமலுக்கு வந்தது. சேலத்தில் போட்ட விதை மாகாணமெங்கும் படர்ந்தது.

1971-ல் முதன்மந்திரி கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தார். சர்க்காருக்குப் பணம் தேவைப்பட்டது. சுற்றிலும் உள்ள ராஜ்யங்கள் மது விற்றுப் பணம் பார்க்கும்போது தமிழ்நாடு மட்டும் இழப்பதா என்பது அவர் கேள்வி.

ராஜாஜிக்கு 92 வயது. கொட்டும் மழையில் காரில் ஏறிக் கோபாலபுரத்துக்குப் போனார். கருணாநிதியின் வீட்டுப் படி ஏறினார். தன் வயதில் ஏறக்குறையப் பாதியே ஆன முதன்மந்திரியிடம், கள்ளுக்கடையைத் திறக்க வேண்டாம், ஒரு தலைமுறை குடியை அறியாமல் வளர்ந்துவிட்டது என்று மன்றாடினார்.

கருணாநிதி மரியாதையோடு கேட்டுக்கொண்டார். முடிவை மாற்றவில்லை. ஆகஸ்டு 30-ந் தேதி மதுவிலக்கு நீங்கியது. சேலம் ஜில்லாவிலும், புதிதாகப் பிரிந்த தர்மபுரி மாவட்டத்திலும், முப்பத்து நாலு வருஷத்துக்கு முன் ராஜாஜி மூடிய கடைகள் மறுபடி திறந்தன. 1974-ல் அதே கருணாநிதியின் ஆட்சி மதுவிலக்கைத் திரும்பவும் கொண்டுவந்தது. அப்போது ராஜாஜி உயிரோடு இல்லை.

1972 டிசம்பர் 25-ந் தேதி சென்னை அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். 94-வது பிறந்த நாள் முடிந்து பதினைந்தே நாள் ஆகியிருந்தது.

சுடுகாட்டுக்குப் பெரியாரை சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவருக்கு வயது 93. ஐம்பது வருஷ நண்பர். ஐம்பது வருஷ எதிரி. ஹிந்திக்காக அவரைச் சிறையில் போட்டவர், குலக்கல்விக்காக அவர் பதவியை விட்டு விரட்டியவர், அங்கே சிதையில் கிடந்தார். பெரியார் குழந்தையைப் போல விம்மி அழுதார்.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த ஓட்டு வீட்டை அரசாங்கம் நினைவு இல்லமாக்கி வைத்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வாத்தியார்கள் அங்கே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள்.